பாவும் வேட்டியும் சைக்கிளும்

தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்தொகுதியான பாவு ஒரு விசித்திரமான சுமை. வண்டி கட்டும் அளவுக்குக் கனமில்லை. தலையில் வைத்து நாலு மைல் நடந்தால் கழுத்து தாங்காது. கசங்கக் கூடாது, நனையக் கூடாது, இழை அறுந்தால் கூலி போச்சு. கூட்டமான பஸ்ஸில் யார் காலடியிலாவது கிடந்து வந்தால் அவிழ்த்துப் பிணைக்க ஒரு பகல் வேண்டும். சேலத்துக்கு மேற்கே ஜலகண்டாபுரம், தாரமங்கலம், நங்கவள்ளி, வனவாசி, எடப்பாடி, இளம்பிள்ளை என்று விரிந்து கிடக்கும் நெசவு வட்டாரம் முழுவதும் இந்தச் சுமையைச் சுற்றியே அமைந்தது. சிட்டமாக வரும் நூல் ஒரு வீட்டில் இறங்கும், சாயம் இன்னொரு பட்டறையில் ஏறும், பாவு ஓட்டுவது ஓரிடம், தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுத் தோய்ப்பது வேறிடம், தறி பக்கத்து ஊரில், நெய்த சேலையைக் கொடுத்துக் கூலி வாங்குவது மறுபடி முதலாளி வீட்டில். ஒரு சேலை உடுத்தும் பக்குவத்துக்கு வருவதற்குள் அதன் நூல் பலமுறை ஊர் சுற்றிவிடும். ஜலகண்டாபுரத்துக்கு ரயில் கிடையாது. இந்தச் சுற்றலுக்கெல்லாம் ஏற்ற வாகனமாக வந்து சேர்ந்தது சைக்கிள். பின் கேரியரில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் பாவைச் சுருட்டி வைத்து, சைக்கிள் ட்யூப்பை அறுத்த ரப்பர் பட்டையால் இறுக்கிவிட்டால், முக்கால் மணி நேரத்தில் அது இழை கலையாமல் அடுத்த ஊரில் இறங்கும்.

சைக்கிளுக்கு உகந்த ஊர் என்றால் இன்று கோபன்ஹேகனையும் ஆம்ஸ்டர்டாமையும் சொல்கிறோம். தனிப்பாதை, தனி சிக்னல், தனி நிறுத்துமிடம் என்று அரசு காசு போட்டு உருவாக்கிய ஊர்கள் அவை. 1970களில் எண்ணெய் நெருக்கடியும், நெதர்லாந்தில் சாலைகளில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்ததை எதிர்த்து எழுந்த போராட்டமும் அந்தப் பாதைகளுக்கு வழி திறந்தன. அது நல்ல வழிதான். ஆனால் அதுதான் ஒரே வழி என்று நம்பத் தொடங்கிவிட்டோம். சேலத்து நெசவு ஊர்களில் சைக்கிளுக்கென்று யாரும் கோடு போடவில்லை. அங்கே தொழிலே மிதிக்கும் தூரத்துக்குள் அடுக்கப்பட்டிருந்தது, சாலையில் மோட்டார் வண்டி அபூர்வமாக இருந்தது, முக்குக்கு முக்கு பஞ்சர் ஒட்டும் கடை இருந்தது. சினிமாக் கொட்டகையிலும் பஸ் நிலையத்திலும் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. ஒரு ஊர் சைக்கிளுக்கு உகந்ததா என்பதை அதன் வேலை எங்கே நடக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. பாதை அப்புறம்தான்.

கோபன்ஹேகனில் மிக்கேல் கோல்வில்-ஆண்டர்சன் என்ற புகைப்படக்காரர், தனி உடுப்போ தலைக்கவசமோ இல்லாமல், அலுவலகத்துக்கும் விருந்துக்கும் போகும் உடையிலேயே சைக்கிளில் போகிறவர்களைப் படம் பிடித்து, 2007 வாக்கில் அதற்கு ‘சைக்கிள் சிக்’ என்று பெயர் சூட்டினார். பெயர் உலகம் சுற்றியது. நிமிர்ந்து உட்காரும் கைப்பிடி, அகன்ற தோல் சீட்டு, சங்கிலியை முழுவதும் மூடும் கவர், பின்னால் கேரியர் என்று அந்தப் படங்களில் வரும் சைக்கிளின் அங்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நம் ஊர்க் கறுப்புச் சைக்கிள்தான் அது! இரண்டுக்கும் தாய் ஒன்றே: 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வடிவம், 1888இல் டன்லப் கொடுத்த காற்றடைத்த டயர், அவற்றை வைத்து நாட்டிங்ஹாமிலும் பர்மிங்ஹாமிலும் ராலேயும் ஹெர்குலிஸும் வார்த்த ரோட்ஸ்டர். 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் ஆலை போட்டபோது, இங்கிலாந்து பின்னாளில் கைவிட்ட அந்த அச்சு நம் மண்ணில் நிலைத்துவிட்டது. டச்சுக்காரர் தன் பாட்டி காலத்துச் சைக்கிள் என்று செல்லமாகச் சொல்வதற்கு நாம் வைத்த பெயர் ‘கட்டை வண்டி’.

அந்தச் சங்கிலிக் கவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அது நீள அங்கியையும் பாவாடையையும் காத்தது. இங்கே வேட்டியைக் காத்தது. எட்டு முழம் வேட்டியைத் தழையக் கட்டி மிதித்தால் ஓரம் சங்கிலியில் சிக்கும், எண்ணெய்க் கறை படியும், வெள்ளாவியில் வைத்தாலும் போகாது. துணி நெய்கிறவர்கள் நிறைந்த ஊரில் கறை பட்ட வேட்டியோடு கூலி வாங்கப் போவது மானப் பிரச்சினை. அதனால் கவர் ஆடினால் உடனே கடைக்கு வரும். ஏறும்போது வேட்டி நுனியை இடக்கையால் லேசாகத் தூக்கிப் பிடிப்பது, இறங்கும்போது காலைப் பின்னால் சுழற்றி இறங்கி அதே வேகத்தில் ஸ்டாண்டு போடுவது, துண்டை நாலாக மடித்து முன்பாரில் குழந்தைக்கு மெத்தையாக்குவது என்று உடைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழு நடையே உருவாகியிருந்தது. அலங்காரம் இதற்கு மேல். கைப்பிடி நுனியில் பிளாஸ்டிக் குஞ்சம், அச்சில் சுழன்று தானே தூசி துடைத்துக்கொள்ளும் வண்ண நூல் வளையம், போக்ஸ் கம்பிகளில் மணி, பின் மட்கார்டில் நடிகர் படமோ கட்சிக் கொடியோ. ஆயுத பூஜையன்று தறிக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் சைக்கிளுக்கும் உண்டு; தறி, அச்சு, நாடா வரிசையில் அதுவும் ஒரு கருவி. ஓடி முடித்த பிறகும் அது வீட்டை விட்டுப் போகாது. தேய்ந்த ரிம்மைக் கழற்றி மரச் சட்டத்தில் மாட்டினால் ஊடை நூலைத் தாராகச் சுற்றும் ராட்டை தயார்.

இதையெல்லாம் அழகு, நாகரிகம் என்று பேசுவது வறுமைக்குப் பொட்டு வைப்பதாகும் என்று ஒரு மறுப்பு வரும். கோபன்ஹேகன்காரர் கார் வாங்க வசதி இருந்தும் சைக்கிளில் போகிறார், நெசவாளி வேறு கதியில்லாமல் போனார், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கேள்வி நியாயமானது. பதில், நெசவாளியின் கதியை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஐம்பது, அறுபதுகளில் கூலி நெசவாளிக்குப் புதுச் சைக்கிள் என்பது பல மாதக் கூலி. கதியில்லாதவர் நடந்தார்; சைக்கிள் வைத்திருந்தவர் அந்த ஊரில் ஒரு படி மேலே. மாப்பிள்ளைக்கு வாட்ச், ரேடியோ, சைக்கிள் என்று சீர்வரிசையில் அது ஏறியதும், சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்காக மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள் கடை தழைத்ததும் அதனால்தான். மட்கார்டில் எண் எழுதிய வண்டியை நோட்டில் பெயர் பதிந்து எடுத்துப்போய், நேரம் தாண்டாமல் கொண்டுவந்து விட வேண்டும். பையன்கள் கால் எட்டாமல் பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டிய குரங்கு பெடல், 2024இல் ஒரு சினிமாவின் பெயராகும் அளவுக்குத் தமிழ் நினைவில் தங்கியதும் இந்த வாடகைக் கடைகளின் புண்ணியத்தில். உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு ஆண்டு வரி போட்டு வில்லை கொடுத்தன. இருட்டில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் அடித்தாலும் போலீஸ் பிடித்தது. ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு யார் வரி போடுவார்கள்?

கசப்பான சான்று ஒன்றும் இருக்கிறது. ஆதிக்க சாதித் தெருக்களில் தலித்துகள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழகக் கிராமங்கள் பலவற்றில் இருந்ததை, தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் கள ஆய்வுகள் 2007க்குப் பிறகும் பதிவு செய்திருக்கின்றன. வறுமையின் அடையாளம் மட்டுமாகச் சைக்கிள் இருந்திருந்தால் இந்தத் தடைக்குத் தேவையே வந்திராது. நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவில் நிற்பவரைவிட அரை அடி உயரத்தில், மணியடித்துக்கொண்டு போகும் ஒருவனைப் பார்க்கச் சிலருக்குப் பொறுக்கவில்லை. கோல்வில்-ஆண்டர்சன் படம் எடுத்துக் கொண்டாடியதும் இதே நிமிர்வைத்தான்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனி உருகி வெயில் எட்டிப் பார்க்கும் வசந்தம் ஐரோப்பியருக்குச் சைக்கிள் காலம். நம் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். சேலத்தில் அப்போது பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும், சீட்டில் கை வைக்க முடியாது. இங்கே மிதிக்க உகந்தது தையும் மாசியும். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஊறி வேலை முடங்கும். தை பிறந்தால் குழி காய்ந்து, தெருவில் பாவு நீட்டப்பட்டு, கல்யாணச் சேலைக்கு ஆர்டர் வந்து, அதிகாலையில் சைக்கிள்கள் கிளம்பிவிடும்.

அப்படியிருந்த ஊர்கள் எப்படி மாறின? மக்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, பகட்டு வந்துவிட்டது என்பது சுலபமான விளக்கம். 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூரிலிருந்து 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்ததைக் கவனித்தால் வேறு கதை தெரியும். பெடல் இருந்தது, தாழ்வான சட்டம் இருந்தது, வேட்டியோடு காலைத் தூக்காமல் ஏற முடிந்தது, முன்னும் பின்னும் மூட்டை வைக்க இடம் இருந்தது. அது இயந்திரம் வைத்த சைக்கிள். பாவும் நூலும் சேலைக் கட்டும் இருந்த இடத்திலேயே இருந்து வண்டியை மட்டும் மாற்றிக்கொண்டன. சைக்கிளை உண்மையில் வெளியே தள்ளியது விசைத்தறி. அதற்கு வேண்டியது பாவு சுற்றிய இரும்பு பீம். நூல் கோன்களாகச் சாக்கில் வரும், துணி பெரிய உருளையாகப் போகும். ஒரு கொட்டகைக்குள் பல தறி ஓடும்போது, வீட்டுக்கு வீடு சுற்றிய சரக்கு வேனில் ஏறிவிட்டது. தொழில் பரந்து கிடந்தவரை சைக்கிள் ஓடியது. தொழில் ஒரு கூரையின்கீழ் குவிந்ததும் சாலை லாரிக்கும் பஸ்ஸுக்கும் போனது. அதற்குப் பிறகுதான் சைக்கிளில் போவது ஆபத்தாகவும் கௌரவக் குறைவாகவும் ஆனது. இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறவர்கள், பாதை போட்டால் சைக்கிள் திரும்பிவிடும் என்றும் நம்புகிறார்கள்.

என் வாதத்தில் பெரிய ஓட்டை பெண்கள் விஷயத்தில்தான். நெசவில் பாதி உழைப்பு அவர்களுடையது. தார் சுற்றியதும், பாவு தோய்க்கும்போது மறுமுனையைப் பிடித்ததும் அவர்கள்தான். ஆனால் பாவு கட்டிய சைக்கிளை மிதித்தது ஆண்கள். பாதி ஊருக்கு மட்டும் உகந்த ஊரை உகந்த ஊர் என்பது சரியா? இல்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மறுபாதிக்கு வழி பிறந்தது காவிரிக்குக் கீழே, நெசவோடு தொடர்பில்லாத புதுக்கோட்டையில். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்து, குழந்தையைப் பாரில் உட்கார வைத்து ஓட்டினார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியரிடம் தொடங்கிய அரசின் இலவசச் சைக்கிள் திட்டம் பின்னர் மற்ற மாணவியருக்கும் மாணவருக்கும் விரிந்தது. வேட்டிக்காரர்கள் எப்போதோ மொபெட்டுக்கு மாறிவிட்ட சேலத்து நெசவு ஊர்ச் சாலைகளில், காலை எட்டரை மணிக்குச் சீருடை துப்பட்டாவைப் பின் குத்தி, முன்கூடையில் புத்தகப் பையை வைத்து, பக்கத்தில் வருகிறவளோடு பேசிக்கொண்டே மிதிக்கும் பதினொன்றாம் வகுப்புப் பெண்களிடம்தான் சைக்கிள் இப்போது இருக்கிறது. பின்னால் லாரி ஹாரன் கேட்டால் மட்டும் ஒருத்தி வேகத்தைக் குறைத்து மற்றவளுக்குப் பின்னால் போகிறாள்.