கஜானா இல்லாத அமைச்சர்

கெடா அரச குடும்பத்தில் பிறந்த தெங்கு கூடினைச் சிலாங்கூர் வரலாறு இரண்டு விதமாக நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளைக்காரர்களை உள்ளே அழைத்து வந்தவர் என்பார்கள் சிலர்; குழம்பிக் கிடந்த நாட்டுக்கு ஒழுங்கு கொடுக்கப் பார்த்தவர் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். குணத்தை ஒதுக்கிவிட்டு வரவு செலவைப் பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. கூடினுக்குப் பதவி கிடைத்தது. அதை நடத்துவதற்கான வருமானம் கிடைக்கவில்லை. அந்தப் பற்றாக்குறையை அடைக்க அவர் வாங்கிய கடனும் கேட்ட உதவியும்தான் 1874க்குப் பிந்தைய சிலாங்கூர் ஆட்சியின் வடிவத்தை முடிவு செய்தன.

அன்றைய சிலாங்கூரில் ஆட்சி என்பது ஆற்று முகத்துவாரத்தில் வாங்கும் சுங்கம். உள்நாட்டில் தோண்டிய ஈயம் படகில் இறங்கி வந்தாக வேண்டும். முகத்துவாரத்தில் கோட்டை வைத்திருப்பவர் வரி வாங்குவார். கோலா சிலாங்கூரின் மெலாவத்தி குன்றுக்கு மதிப்பு வந்தது இதனால்தான். 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துத் தங்கள் தலைமை ஆளுநர் அல்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள்; மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில் ஒவ்வோர் ஆறும் ஒவ்வொரு ராஜாவின் கைக்குப் போனது. 1867இல் ராஜா அப்துல்லாவிடமிருந்து கிள்ளானைப் பிடித்த ராஜா மஹாடி, சுல்தான் அப்துல் சமதுக்கு மாதம் 500 வெள்ளி தர மறுத்தார். மகள் ராஜா அர்ஃபாவை மணந்த கூடினை 1868இல் சுல்தான் தம் பிரதிநிதியாக்கியது இந்த நெருக்கடியில்தான். மருமகனின் செலவுக்கு லங்காட் ஒதுக்கப்பட்டது. வளமான ஈயம் இறங்கி வந்த கிள்ளான் ஆறோ மஹாடியிடம் இருந்தது.

கெடாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து 1870இல் கூடின் கிள்ளானைப் பிடித்தார். மஹாடி வடக்கே நகர்ந்து கோலா சிலாங்கூரைக் கைப்பற்றினார். 1871 ஜூலையில், கடற்கொள்ளையரைத் தேடி வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ அங்கிருந்த கோட்டைகளைச் சுட்டுத் தகர்த்தது. அதன் பிறகே ஊர் கூடினின் கைக்கு வந்தது. அதையொட்டி, நீரிணைக் குடியேற்றங்களின் காலனிச் செயலாளர் பர்ச் லங்காட்டுக்குப் போய், கூடினின் அதிகாரத்தைச் சுல்தானிடம் மறுபடியும் எழுதி வாங்கினார். 1872இல் கோலா சிலாங்கூர் மறுபடியும் எதிரிகளிடம் போனது. 1873இல் பகாங் படை வந்த பிறகே திரும்பக் கிடைத்தது. ஒரு தடவைகூட அவருடைய சொந்தப் பலம் போதவில்லை. போருக்கான பணம் நீரிணை வணிகர்களிடமிருந்து வந்தது. 1873இல் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜே. ஜி. டேவிட்சனுக்குப் பெரியதோர் ஈயச் சுரங்க உரிமை கொடுக்கப்பட்டது. அதே டேவிட்சன்தான் 1875இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டார்.

கூடின் கெடாக்காரர் என்பதால்தான் ராஜாக்கள் எதிர்த்தார்கள் என்று வாதிடலாம். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் சிலாங்கூர் அரச குடும்பமே வெளியிலிருந்து வந்து குடியேறிய பூகிஸ் வழியினர்; கிள்ளானை இழந்த ராஜா அப்துல்லாவின் மகன் இஸ்மாயில் முதலில் கூடினோடு சேர்ந்தே போரிட்டார். வந்தவர் யார் என்பதைவிட, சுங்கம் யாருக்கு என்பதே அணிகளைப் பிரித்தது. இன்னொரு மறுப்பு வலுவானது: 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம் பேராக்கில் ரெசிடெண்டைக் கொண்டுவந்துவிட்டது, கூடின் இல்லாவிட்டாலும் சிலாங்கூருக்கும் அது வந்திருக்கும். வந்திருக்கும்தான். ஆனால் பேராக்கில் ரெசிடெண்டாகப் போன அதே பர்ச் 1875இல் கொல்லப்பட்டுப் போர் மூண்டது. சிலாங்கூரில் அப்படி நடக்கவில்லை. எதிர்த்திருக்கக்கூடிய ராஜாக்கள் கூடினோடு நடந்த போரிலேயே ஓய்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் தலையீட்டின் செலவில் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே செலுத்தியிருந்தார். வேலை முடிந்ததும் அவர் தேவைப்படவில்லை; 1878இல் பதவி விலகிப் பினாங்குக்குப் போனார், 1909இல் இறந்தார்.

பின்னாளில் தமிழர்கள் வேலைக்கு வந்த வடக்குச் சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கூடினுக்கும் என்ன தொடர்பு, இடையில் ஒரு தலைமுறை ஓடிவிட்டதே என்று கேட்கலாம். ரப்பரை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் ஆற்றுக்கொரு ராஜா வரி வாங்கிய நாட்டில் எந்தக் கம்பெனியும் பல ஆண்டு காத்திருந்து பலன் தரும் மரத்தை நட்டிருக்காது. வரியும் நிலமும் ஒரே அலுவலகத்தின் கைக்கு வந்த பிறகுதான், ஹென்றி ஃபொகொனியே போன்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் கோலா சிலாங்கூர் மாவட்டத்து ரந்தாவ் பஞ்சாங்கில் காடழிக்க முடிந்தது; 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமாரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை பயிராக முடிந்தது. 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழு தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழ்த் தொழிலாளர்களின் கப்பல் செலவைக் கட்டியதும் அந்த ஒற்றை நிர்வாகம் இருந்ததால்தான். தோட்டத் தமிழரின் வரலாற்றைக் கங்காணியிலிருந்தோ கப்பலிலிருந்தோ தொடங்குவது நம் வழக்கம். அவர்கள் வந்து இறங்கிய நிலத்தில் உத்தரவிடும் உரிமை யாரிடமிருந்து யாருக்கு, என்ன விலைக்குக் கைமாறியது என்பதையும் சேர்த்தால்தான் அந்த வரலாறு முழுமையாகும். அதற்கு 1868க்குப் போயாக வேண்டும்.