செவிலி மரம் இல்லாத கள்ளிக்காடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குக் கிழக்கே உள்ள சவாரோக் கள்ளிக்காட்டை 1933 மார்ச் 1 அன்று அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் தேசிய நினைவிடமாக அறிவித்தார். பதவியை விட்டு இறங்க மூன்றே நாள் இருந்தபோது போட்ட கையெழுத்து அது. நாற்பதடி உயரத்தில் கிளை விரித்து நின்ற முதிய கள்ளிகள் எல்லார் கண்ணையும் ஈர்த்தன. அவற்றுக்கு வேலி கிடைத்தது. அவை முளைக்கும் இடத்துக்குத்தான் கிடைக்கவில்லை. சவாரோவின் விதை கரும்புள்ளி அளவே இருக்கும். நம்மூர்ச் சீமைக் கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில் விழுந்தால்தான் வெயிலுக்கும் உறைபனிக்கும் தப்பும். அப்படியும் முதல் எட்டுப் பத்து ஆண்டுகளில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வளரும். அந்தச் செவிலி மரங்களை 1880கள் முதல் வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் எரித்தார்கள். காளவாய்கள் 1920 வாக்கில் அணைந்தன. இளங்கள்ளிகளை மிதித்து மேய்ந்த மாடுகளோ, அறிவிப்பு வந்து கால் நூற்றாண்டு கழிந்து, 1958இல்தான் முக்கியக் கள்ளிக்காட்டை விட்டு வெளியேறின.

கள்ளிகளைக் கொன்றது பனிதானே, மாட்டையும் காளவாயையும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். 1937 ஜனவரியில் கடும் உறைபனி விழுந்தது உண்மை. அடுத்த சில ஆண்டுகளில் முதிய கள்ளிகள் அழுகிச் சாய்ந்தன. பாக்டீரியா நோய் என்று நம்பி, 1941இல் முந்நூறுக்கும் மேற்பட்ட கள்ளிகளை வெட்டிப் புதைத்தும் பார்த்தார்கள், அழுகல் நிற்கவில்லை. பனியே முதற்காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆனால் முதியவை சாவது பாலைவனத்தில் புதிதல்ல. அவற்றின் இடத்துக்கு வர இளங்கள்ளி இல்லாமற்போனதுதான் கேள்வி, அதற்குப் பனி மட்டும் பதிலாகாது. நூற்றைம்பது ஆண்டு வாழும் செடியில் பிறப்பு நின்றுபோனது கண்ணுக்குத் தெரியவே அரை நூற்றாண்டு பிடிக்கும். மேய்ச்சல் நின்ற பிறகு இளங்கள்ளிகள் மறுபடி தலைகாட்டின என்பதே என் தரப்புக்கு வலுவான சான்று.

அப்படியானால் மனிதர்களையே உள்ளே விடக்கூடாது என்பாரும் உண்டு. அது தவறு. அப்பகுதியின் பழங்குடிகளான தொஹோனோ ஓஓதாம் மக்கள் ஜூன் கடைசியில், பட்டுப்போன சவாரோவின் நரம்புக்கழிகளை நீளமாக இணைத்துக்கட்டிப் பழம் தட்டுகிறார்கள். பாகு காய்ச்சி, அதைப் புளிக்கவைத்து மழையை அழைக்கிறார்கள். 1961இல் அதிபர் கென்னடி மேற்கே டூசான் மலைப்பகுதியை நினைவிடத்தோடு சேர்த்தபோது அவர்களின் அறுவடை நிலமும் எல்லைக்குள் வந்தது. அனுமதியோடு அறுவடை தொடர்கிறது. ஒரு பழத்தில் ஈராயிரம் விதைகள் வரை இருக்கும். விதைக்குப் பஞ்சமே இல்லை, நிழலுக்குத்தான் பஞ்சம். பழம் பறிப்பவரையும் மரம் வெட்டுபவரையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம் சோம்பேறிச் சட்டம்.

1994இல் இந்த நினைவிடம் தேசியப் பூங்காவாயிற்று. இன்றைய பகையும் மேய்ச்சல் வழியாகவே வந்ததுதான்: மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு புல். காங்கேயத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் மாடு வளர்க்கும் அதே கொழுக்கட்டைப் புல். தீயே அறியாத பாலைவனத்தில் அது காய்ந்து தீயைப் பரப்புகிறது. சவாரோவுக்கோ தீயைத் தாங்கும் வலு கிடையாது. அதனால் பூங்காப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் மலைச்சரிவுகளில் அந்தப் புல்லை வேரோடு தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.