பெயரும் இடமும்: பைத்தானின் தன்னாய்வுக் கருவி

திருவனந்தபுரத்துப் பழவங்காடி என்னும் பெயரைப் பிரித்தால் 'பழைய அங்காடி' என்றே பொருள்படும். ஆயினும் இன்று அப்பெயரைக் கேட்போர் நினைவில் முதலில் எழுவது அங்குள்ள கணபதி கோயிலே. சொல்லின் வடிவத்தை மட்டும் கொண்டு அது சுட்டும் பொருளை அடைய இயலாது. மொழியியல் மாணவர் அறிந்த இந்தப் பாடம் பைத்தான் நிரல்மொழிக்குள் நுழைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

2001இல் வெளிவந்த பைத்தான் 2.1 பதிப்பில், கா-பிங் யீ எழுதிய 'இன்ஸ்பெக்ட்' தொகுதி செந்தர நிரலகத்தில் இடம்பெற்றது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் மூல வரிகளைத் தானே எடுத்துக்காட்ட அது வழிசெய்தது. செயற்கூறுகளில் சிக்கல் குறைவு. அவற்றின் தொடக்க வரி எண் முன்பே பதிவாகியிருந்தது. வகுப்புகளுக்கோ அத்தகைய பதிவு இல்லை. எனவே 'கிளாஸ்' என்ற சொல்லும் வகுப்பின் பெயரும் சேர்ந்து வரும் வரியைக் கோப்பில் தேடி, அதுவே வரையறை என்று கருவி ஊகித்தது. வெவ்வேறு வகுப்புகளுக்குள் ஒரே பெயருடைய உள்வகுப்புகள் இருப்பின், ஒன்றைக் கேட்க மற்றொன்று வரக்கூடும். பல வரிச் சரத்துக்குள் எடுத்துக்காட்டாக எழுதிய வரையறையும் மெய்யான வரையறையாகக் கொள்ளப்படக்கூடும். சொல்லை ஆளுதலும் சொல்லைக் குறிப்பிடுதலும் வெவ்வேறு என்பதை வெறும் எழுத்துத் தேடல் அறியாது. தவறான விடை பிழைச்செய்தி ஏதுமின்றி வந்ததே இதில் பெரிய இடர்.

2020 அக்டோபரில் வெளியான 3.9 பதிப்பில், கார்த்திகேயன் சிங்காரவேலன் அளித்த திருத்தம் எழுத்துத் தேடலை அகற்றித் தொடரியல் மரத்தை அவ்விடத்தில் வைத்தது. எனினும் நிபந்தனையின் இரு கிளைகளிலும் ஒரே பெயரில் வகுப்பு வரையறுக்கப்பட்டால், எது இயங்கியது என்பதை மரம் மட்டும் சொல்லிவிடாது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பு முதல், வகுப்பே தன் முதல் வரி எண்ணைத் தாங்கி நிற்கிறது. ஊகம் பதிவாக மாறியது.

அப்பதிவுக்கும் எல்லை உண்டு. எண் நினைவகத்தில் இருக்கிறது. உரையோ வட்டிலுள்ள கோப்பில் இருக்கிறது. நிரல் ஏற்றப்பட்ட பின் கோப்பைத் திருத்தினால், சரியான எண் வேறோர் உரையைக் காட்டலாம். பைடார்ச்சின் டார்ச்ஸ்கிரிப்ட் இக்கருவியின் வழியே மூல உரையைப் பெற்று நிரலைத் தொகுக்கிறது. அத்தகைய இடத்தில் உரை பிறழ்ந்தால் ஆய்வின் முடிவும் பிறழும். ஆகவே இக்கருவி தருவதைச் சான்றாக ஏற்கும் ஆய்வாளர், இயங்கிய கோப்பையும் பைத்தான் பதிப்பு எண்ணையும் உடன் பாதுகாத்தல் வேண்டும்.