கிள்ளான் பள்ளத்தாக்கில் மருந்தும் மூலிகையும்

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் முதலிய நகரங்களைக் கொண்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழரின் சித்த மருத்துவம், மலாய்க்காரரின் மூலிகை வைத்தியம், சீனரின் சின்சே வைத்தியம், ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அருகருகே வழங்கி வருகின்றன. மலேரியா, பெரிபெரி, தொழுநோய் ஆகிய மூன்று நோய்களின் மருத்துவ வரலாற்றில் இவ்வட்டாரத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. மூன்றிலும் மையமாக இருந்தது ஒரு தாவரப் பொருள்: முதலாவதில் மரப்பட்டை, இரண்டாவதில் அரிசித் தவிடு, மூன்றாவதில் ஒரு மரத்தின் விதை. இப்பொருள்கள் உடலில் என்ன செய்கின்றன என்பது தெளிவானபோது அவற்றின் எல்லையும் புலப்பட்டது.

மருந்து உடலில் செயற்படும் விதம்

வாய்வழி உட்கொண்ட மருந்து குடலில் கரைந்து, குடற்சுவரைக் கடந்து, கல்லீரலை அடைகிறது. அங்குள்ள நொதிகள் அதில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். எஞ்சியது குருதியில் கலந்து உடலெங்கும் சென்று, உயிரணுக்களில் தனக்குப் பொருந்தும் ஏற்பி அல்லது நொதியைப் பற்றிக்கொண்டு, அதைத் தூண்டியோ தடுத்தோ வேலை செய்கிறது. பிறகு சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேறுகிறது. மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இந்தப் பாதை ஒன்றே. மாத்திரையில் அளந்து வைத்த ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. மூலிகையில் பல பொருள்கள் உள்ளன. விளைந்த மண், பறித்த பருவம், பயன்படுத்திய பாகம், பக்குவம் செய்த முறை ஆகியவற்றுக்கேற்ப அவற்றின் அளவு மாறும்.

நாட்டு மருந்துக் கடைகளில் மலச்சிக்கலுக்கு விற்கப்படும் நிலாவரை இந்தப் பாதைக்கு ஒரு விதிவிலக்கு. திருநெல்வேலி வட்டாரத்தில் பயிராகி, உலகச் சந்தையிலும் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படும் இவ்விலையில் சென்னோசைடு என்னும் பொருள்கள் உள்ளன. அவை சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்த பிறகே பேதியைத் தூண்டும் பொருள் உண்டாகிறது. இரவில் உண்ட நிலாவரை காலையில் வேலை செய்வதன் காரணம் இதுவே.

தொடக்க வரலாறு

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நோயியல் ஆய்வுக்கென ஓர் அரசு நிலையம் நிறுவப்பட்டது. மருத்துவ ஆய்வுக் கழகம் என்று இன்று அறியப்படும் அந்நிலையம் தோன்றிய காலத்தில், சிலாங்கூரின் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவாகிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் பெருந்தொகையில் மாண்டனர். தோட்ட லயங்களில் அவர்களுக்கு எட்டிய மருத்துவம் இரண்டே: ஊரிலிருந்து நினைவில் கொண்டுவந்த கைமருந்து, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் தரும் மருந்து.

*கொயினா*

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பாரிசில் பெல்லத்தியே, கவாந்து ஆகிய இருவர் குயினின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1860களில் நீலகிரியில் சிங்கோனா பயிரிடப்பட்டது. தமிழர் இதைக் கொயினா என்றனர். தோட்டங்களில் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது, தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுக்கும் வழக்கம் இருந்தது.

1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவால் முடங்கும் நிலைக்கு வந்தது. சதுப்பு நிலத்தை வடித்து, புதர்க்காட்டை வெட்டி, கொசு பெருகும் இடங்களை ஒழிக்குமாறு வாட்சன் அரசை இணங்க வைத்தார். நகரிலும் துறைமுகத்திலும் நோய் வேகமாகக் குறைந்தது. கொசு ஒழிப்பால் மலேரியாவை அடக்கிய உலகின் முதல் முயற்சிகளில் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. வாட்சனின் நூல் 1911இல் வெளிவந்தது. 1924இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. கால்வாய்களை வெட்டிய கைகள் தொழிலாளர்களுடையவை என்பதும் இவ்வரலாற்றில் சேர வேண்டியது.

கொயினா மட்டும் ஏன் போதவில்லை என்பதற்கு அதன் செயலிலேயே விடை இருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து குருதிச் சிவப்பியைச் செரிக்கும்போது, ஹீம் என்னும் நச்சுப்பொருள் வெளிப்படுகிறது. ஒட்டுண்ணி அதைப் படிகமாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. குயினின் இப்படிகமாக்கலைத் தடுப்பதால் ஒட்டுண்ணி தன் உணவின் நஞ்சாலேயே மடிகிறது என்று கருதப்படுகிறது. ஆனால் கல்லீரலில் உறங்கும் விவாக்ஸ் வகை ஒட்டுண்ணியைக் குயினின் தொடுவதில்லை. கொசுவுக்குத் தொற்றும் ஃபால்சிபாரம் வகையின் முதிர்ந்த வடிவங்களையும் அது அழிப்பதில்லை. நோயாளி தேறினாலும் தொற்று தொடர்வதற்கு இடமிருந்தது.

*புழுங்கல் அரிசி*

கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிர் பறிக்கும் பெரிபெரி, வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. தோட்டத் தமிழர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. மருத்துவ ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இதை ஒரு தொற்றுநோய் என்றார். நெகிரி செம்பிலான் மாநில மருத்துவர் லியோனார்டு பிராடன் சோற்றுப் பானையைப் பார்த்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. நோய் முதலாமவரையே தாக்கியது. மலாயாவில் அரிசியே காரணம் என்று நிலைநாட்டிய பெருமை பிராடனுக்கு உரியது. பழைய அரிசியில் ஒரு நஞ்சு உருவாகிறது என்று அவர் கருதியதுதான் பிழை.

இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெச்சர். 1905 டிசம்பர் 5 அன்று கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினருக்குச் சயாம் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கல் அரிசியும் தரப்பட்டன. மற்ற உணவில் வேறுபாடு இல்லை. பச்சரிசி உண்டோரில் கால் பங்குக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டோரில் ஒருவரும் பெரிபெரியால் இறக்கவில்லை. முடிவு 1907இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்த தொடக்ககால ஆய்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது. தம்மைக் கேளாமலே அதில் சேர்க்கப்பட்ட அம்மனிதர்களின் பெயர்களை இவ்வரலாறு சொல்வதில்லை.

அடுத்து, ஹென்றி ஃப்ரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் ஜெலுபு மாவட்டத்தில் சாலைப் பணி செய்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே மீண்டும் மெய்ப்பித்து 1909இல் வெளியிட்டனர். தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்பதும் அவர்களது கோழி ஆய்வுகளில் தெளிந்தது. தயமின் எனப்படும் அப்பொருள் 1926இல் ஜாவாவில் தனித்தெடுக்கப்பட்டது. மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றும் நொதிகளுக்கு அது துணைநிற்கிறது. அது இல்லாதபோது நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் அது தங்கும். தமிழர் வீட்டுப் பழக்கம் ஒன்று ஆயிரக்கணக்கானோரைக் காத்திருக்கிறது.

*நீரடிமுத்து*

தொழுநோய்க்குச் சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து வழங்கி வந்தது. அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மரத்தின் விதையைச் சீன மருத்துவர்கள் பயன்படுத்தினர். 1920களில் கோலாலம்பூர் தொழுநோயர் விடுதியில் டாக்டர் ட்ராவர்ஸ் சீன முறைப்படி அவ்விதைத் தூளைக் கொடுத்து, பலருக்குக் குணம் கண்டதாக 1926இல் எழுதினார். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயர் குடியிருப்பு திறக்கப்பட்டபோது இவ்வின விதைகளின் எண்ணெயே முதன்மை மருந்து. இவ்வெண்ணெயின் தனித்தன்மை வாய்ந்த கொழுப்பு அமிலங்கள் தொழுநோய்க் கிருமி இனத்தின் வளர்ச்சியைத் தடுப்பது பின்னர் ஆய்வகத்தில் காணப்பட்டது. உண்டால் குமட்டும், ஊசியாகச் செலுத்தினால் வலிக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த டாப்சோன், கிருமி ஃபோலேட் உண்டாக்கும் வழியை அடைக்கும் மருந்து. எண்ணெயின் இடத்தை அது விரைவில் பிடித்துக்கொண்டது. எனினும் கிருமி டாப்சோனை எதிர்த்து நிற்கக் கற்றுவிடும் என்பது, சுங்கை பூலோ நோயாளிகளின் கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்து உறுதிப்படுத்தப்பட்டது. பெட்டிட், ரீஸ் ஆகியோரின் இந்த ஆய்வு 1964இல் வெளிவந்தது. ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் இன்றைய கூட்டுச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது.

சித்த மருத்துவ வகைப்பாடு

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றாகப் பகுக்கிறது. மருந்தின் செயல் சுவையிலிருந்து தொடங்குகிறது. மண்ணும் நீரும் சேர்ந்தது இனிப்பு. மண்ணும் தீயும் புளிப்பு. நீரும் தீயும் உவர்ப்பு. காற்றும் விண்ணும் கைப்பு. காற்றும் தீயும் கார்ப்பு. மண்ணும் காற்றும் துவர்ப்பு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு ஆகியவை வளியைத் தணிக்கும். இனிப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகியவை அழலைத் தணிக்கும். கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகியவை ஐயத்தைத் தணிக்கும். சுவையை அடுத்து குணம், வீரியம், செரித்தபின் தோன்றும் பிரிவு, தனிச்செயல் ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன.

மருந்துச் சரக்கு தாவரம், தாது, சீவம் என மூவகைப்படும். மருந்து வடிவங்களில் அகமருந்து 32, புறமருந்து 32. சாறு, குடிநீர், கற்கம், சூரணம், இளகம், மெழுகு, செந்தூரம், பற்பம், சுண்ணம் ஆகியவை அகமருந்துகளுள் சில. ஒவ்வொன்றுக்கும் வீரியம் நிற்கும் காலம் வகுக்கப்பட்டுள்ளது. சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம் நிற்கும். சூரணம் 3 மாதம். பற்பம் 100 ஆண்டு. நீரில் இறங்கிய சத்து விரைவில் கெடும், உலர்ந்த தூள் சற்று நிற்கும், புடமிட்ட தாது கெடாது என்னும் கூர்மையான கவனிப்பு இவ்வரிசையில் வெளிப்படுகிறது.

மருந்தைத் தேன், நெய், பால், வெந்நீர் போன்ற அனுபானத்துடன் தருவதும் இம்மரபின் சிறப்பு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் பல மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், கல்லீரலிலும் குடற்சுவரிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் மஞ்சள் சத்துடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது குருதியில் சேர்ந்த மஞ்சள் சத்து பன்மடங்கு உயர்ந்தது. திரிகடுகம் சேர்க்கும் பழைய வழக்கத்துக்கு இது ஓர் அறிவியல் விளக்கம்.

மூலிகையும் மாத்திரையும் சேரும்போது

பள்ளத்தாக்கின் மூலிகைகள் பல மொழிகளில் வழங்குகின்றன. வல்லாரை மலாயில் பெகாகா; நிலவேம்பு, ஹெம்பெடு பூமி; கீழாநெல்லி, டுக்கோங் அனாக். இவற்றை உண்போரில் பலர் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரையும் உண்கின்றனர். பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் குருதிச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை. மாத்திரையுடன் சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் உடலில் உப்பு தங்கி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறும். திரிகடுகத்தின் நன்மையே இங்கு எச்சரிக்கையுமாகும்: மாத்திரையின் அளவையும் அது குருதியில் உயர்த்தக்கூடும். குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது. அது இந்திய வகை வசம்பில் மிகுதி. எதை உண்கிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதே இவ்விடர்களைத் தவிர்க்கும் வழி.

தாது மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். முறையாக முடிக்காத பற்பமும் செந்தூரமும் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றை உடலில் சேர்க்கும். 2004இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் இவ்வுலோகங்கள் கண்டறியப்பட்டன. மலேசியாவில் மரபு மருந்துக்கு ஈயம் 10 பிபிஎம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5 என வரம்பு உள்ளது.

இன்றைய நிலை

மலேசியாவில் மரபு மருந்துகளின் பதிவு 1992இல் தொடங்கியது. பதிவான பொருளின் உறையில் எம்ஏஎல் என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இறுதியில் டி எழுத்தும் இருக்கும். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மரபு மருத்துவத் துறையில் இந்தியாவும் மலேசியாவும் 2010இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2016ஆம் ஆண்டின் மரபு, துணைநிலை மருத்துவச் சட்டம் சித்த மருத்துவம் உள்ளிட்ட இந்திய மருத்துவத்தையும் ஏற்றுள்ளது. மூலிகைகள் மருத்துவமனையிலும் சோதிக்கப்பட்டுள்ளன: 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் 228 டெங்கிக் காய்ச்சல் நோயாளிகளில் ஒரு பாதியினர் மூன்று நாள் பப்பாளி இலைச்சாறு பருகினர். அவர்களிடம் தட்டணுக்கள் விரைவாக உயர்ந்தன. தட்டணு உயர்வது நோயின் ஆபத்து நீங்குவதாகாது என்பதால், நீர்ச்சத்தைக் காப்பதும் மருத்துவமனைக் கண்காணிப்புமே டெங்கிக்கு முதன்மைச் சிகிச்சையாக நீடிக்கின்றன. மூலிகைத் தோட்டம் உள்ள கெப்போங் வன ஆய்வுக் கழகத்தின் வனப்பூங்கா 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.