தீவிர சிகிச்சையில் கரையும் தசைகள்: 10 நாள் இழப்பை அளந்து காட்டிய லண்டன் ஆய்வு

தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் எனப்படும் செயற்கை சுவாசக் கருவியின் துணையுடன் படுத்திருக்கும் நோயாளி, முதல் 10 நாட்களுக்குள் தொடையின் முன்புறத் தசையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறார். லண்டன் மருத்துவமனைகளில் 63 நோயாளிகளிடம் அல்ட்ராசவுண்ட் கருவி மூலம் இதை அளந்த மருத்துவர் ஜுடின் புதுச்சேரியும் அவரது குழுவினரும், 2013ஆம் ஆண்டு 'ஜாமா' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். தசையின் குறுக்குப் பரப்பு 10ஆம் நாளில் சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது.

நோயின் கடுமைக்கேற்ப இழப்பும் மாறுபட்டது. ஒரே உறுப்பு மட்டும் செயலிழந்தவர்களுக்கு முதல் வாரத்தில் 3 சதவீதம் குறைந்த தசைப் பரப்பு, பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு 15.7 சதவீதம் குறைந்தது. எனவே படுத்தே கிடப்பதால் மட்டும் ஏற்படும் தளர்ச்சி என்று இதைக் கருத முடியாது. உடலெங்கும் பரவும் அழற்சியால் தசைப் புரதம் உருவாவது முதல் நாளிலேயே மந்தமாகிறது, சிதைவோ தொடர்கிறது.

தசையோடு நரம்பும் பாதிக்கப்படலாம். செப்சிஸ் எனப்படும் கடும் தொற்று நிலையிலிருந்து மீண்டவர்களை வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்க முடியாமல் போனதற்கு நரம்புச் சிதைவே காரணம் என்பதை 1984ஆம் ஆண்டு சார்லஸ் போல்ட்டன் குழுவினர் விவரித்தனர். அவர்கள் பணியாற்றிய ஊரின் பெயரும் லண்டன்தான். ஆனால் அது கனடாவில் உள்ளது.

இந்தப் பலவீனத்தைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் கட்டாயமில்லை. நோயாளி விழித்து, சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்ததும், கை கால்களின் 12 தசைத் தொகுதிகளை மருத்துவர் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார். மொத்தம் 60இல் 48க்குக் கீழ் இருந்தால், தீவிர சிகிச்சையின்போது ஏற்பட்ட தசை பலவீனம் என்று கொள்ளப்படுகிறது. "ஆபத்து நீங்கிவிட்டது" என்று மருத்துவர் சொல்லிய பிறகும் நோயாளியால் கரண்டியைத் தூக்க முடியவில்லையே எனக் குடும்பத்தினர் திகைப்பது இக்கட்டத்தில்தான்.

கூடுதல் ஊட்டச்சத்து கொடுத்தால் தசையைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் சோதனைகள் அதற்குத் துணை நிற்கவில்லை. குழாய் வழி உணவைத் தொடர்ந்து செலுத்தாமல் இடைவெளி விட்டுக் கொடுத்தால் பலன் இருக்குமா என ஜுடின் குழுவினரே 121 நோயாளிகளிடம் சோதித்தனர். தசை இழப்பில் வேறுபாடு இல்லை என்று 2020இல் அறிவித்தனர். 1,300க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2023இல் 'லான்செட்' இதழில் வெளியான மற்றொரு ஆய்விலும், அதிகப் புரதம் பெற்றவர்கள் விரைவாக வீடு திரும்பவில்லை.

இயன்முறைப் பயிற்சியின் கதை சற்றுச் சிக்கலானது. வென்டிலேட்டரில் இருக்கும்போதே, மயக்க மருந்தைத் தினமும் சிறிது நேரம் நிறுத்திப் பயிற்சி அளித்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதில் பங்கேற்ற 104 பேரில், முன்கூட்டியே பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதத்தினர் மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருந்தனர். மற்றவர்களில் அது 35 சதவீதம். இதையடுத்து, பயிற்சியை மேலும் கூட்டினால் பலனும் கூடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. ஆஸ்திரேலியாவின் கரோல் ஹாட்ஜ்சன் தலைமையில் 750 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு அதைத் தகர்த்தது. நாளொன்றுக்குச் சுமார் 21 நிமிடம் பயிற்சி பெற்றவர்களும், வழக்கமான சுமார் 9 நிமிடம் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மீண்டனர். இதயத் துடிப்புக் கோளாறு, ரத்த அழுத்த மாற்றம் போன்ற பாதகங்களோ அதிகப் பயிற்சி பெற்றவர்களில் 9.2 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 4.1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. பயிற்சியே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. இரு பிரிவினருக்குமே பயிற்சி அளிக்கப்பட்டது. அளவை நோயாளியின் நிலை பார்த்து மருத்துவக் குழுவே தீர்மானிக்க வேண்டும். சுவாசக் குழாயும் ரத்தநாளக் குழாய்களும் பொருத்தப்பட்டிருப்பவரை உறவினர்கள் தாமாகவே எழுப்பி உட்கார வைப்பது ஆபத்தானது.

மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் பாதிப்பு நீடிக்கிறது. கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை டொராண்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர் தொடர்ந்து கண்காணித்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவந்தபோது அவர்கள் உடல் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தனர். ஓராண்டுக்குப் பின் வேலைக்குத் திரும்பியவர்கள் 49 சதவீதத்தினர் மட்டுமே. பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் உயிர் பிழைத்துக் கோலார் மாவட்டத்தின் பூதிகோட்டை போன்ற கிராமத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு, பயிற்சிக்காக வாரந்தோறும் நகரத்துக்குச் சென்று வருவது எளிதன்று. ஆகவே எழுந்து நிற்பது, நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமர்வது, நடக்கும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது ஆகிய வீட்டுப் பயிற்சிகளையும், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்பதையும் மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்பே இயன்முறை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. டொராண்டோ நோயாளிகள் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும், அவர்களது வயதினர் நடக்கக்கூடிய தூரத்தில் 76 சதவீதமாகவே இருந்தது.