குமிழியும் உறைவும்: ஓசோன் மருத்துவத்தின் வரலாற்றிலிருந்து

ஓசோன் என்னும் சொல்லின் கிரேக்க வேருக்கு 'மணத்தல்' என்று பொருள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியராக இருந்த ஷோன்பைன், நீரினூடே மின்சாரம் செலுத்தியபோது எழுந்த காரமான நெடியை 1839இல் ஒரு தனிப்பொருளாக இனங்கண்டார். பின்னர் இப்பெயரைச் சூட்டினார். அவ்வாயுவை உண்டாக்கும் குழாயை 1857இல் வெர்னர் சீமென்ஸ் அமைத்தார். பிரான்சின் நீஸ் நகரில் 1906இல் ஓசோனைக் கொண்டு குடிநீரைத் தூய்மை செய்யும் நிலையம் இயங்கத் தொடங்கியது. கிருமிகளை அழிக்கும் வாயு என்ற நற்பெயர் இவ்வாறு நிலைபெற்றது. நீரைத் தூய்மையாக்குவது குருதியையும் தூய்மையாக்கும் என்று எண்ணுவதற்கு அதன்பின் ஓர் எட்டுத் தொலைவே இருந்தது. அந்த ஓரெட்டுக்கு மனித உடல் கொடுத்த விலையைப் பற்றியதே இக்கட்டுரை.

தொடக்கத்தில் ஓசோன் உடலின் புறத்தேதான் பயன்பட்டது. முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காயங்களுக்கு அதைப் பயன்படுத்திய ஜார்ஜ் ஸ்டோக்கர், தம் அனுபவத்தை 1916இல் 'லான்செட்' இதழில் எழுதினார். 'டிராக்குலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் தம்பி இவர். 1935இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் எர்வின் பாயர் இம்முறைக்காகப் பரிந்து பேசினார். நாளடைவில் வாயு குருதிக்குள் புகுந்தது. வாயுவையே ஊசியால் சிரைக்குள் செலுத்துவது ஒரு வழி. குருதியை வெளியே எடுத்து, வாயுவுடன் கலந்து, மீண்டும் உடலுக்குள் ஏற்றுவது மற்றொரு வழி. ஜெர்மனியில் ஹான்ஸ் வோல்ஃப் இந்த இரண்டாம் முறையை 1970களில் பரப்பினார். இரண்டும் ஒரே பெயரால் வழங்கப்பட்டதால், இரண்டின் ஆபத்தும் வேறு வேறு என்பது நோயாளிக்குத் தெரியாமற்போயிற்று.

முதல் வழியின் ஆபத்து குமிழி. சிகிச்சைக் கருவி தருவது தூய ஓசோன் அன்று. அதில் ஓசோன் சில விழுக்காடே, மிகுதி முழுவதும் ஆக்சிஜன். ஓசோன் குருதியோடு கலந்த உடனே வினைபுரிந்து மறைந்துவிடும். ஆக்சிஜனோ அவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. கரையாத குமிழி சிரை வழியே இதயத்தை அடைந்து, நுரையீரல் தமனியில் சிக்கி, உறைந்த குருதிக்கட்டியைப் போலவே வழியை அடைக்கிறது. இதய மேலறைகளின் இடைச்சுவரில் பிறவித் துளை மூடாமலிருப்பவர் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். அவர்களுக்கு அக்குமிழி மூளைக்கே சென்று சேரலாம்.

இரண்டாம் வழியில் உறைவு காத்திருக்கிறது. உடலைவிட்டு வெளியேறிய குருதி உறைவது இயல்பு. அதைத் தடுக்க ஹெப்பாரின் அல்லது சிட்ரேட் சேர்ப்பார்கள். ஹெப்பாரின் கலந்த குருதியில் ஓசோன் பட்டால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன என்றும், சிட்ரேட்டில் அவ்வாறு நேர்வதில்லை என்றும் இத்தாலியின் சியெனா நகரப் பேராசிரியர் வேலியோ போக்கியின் குழு 1999இல் எழுதியது. போக்கி ஓசோன் மருத்துவத்தை வாழ்நாள் முழுதும் ஆதரித்தவர். வாயுவை நேரே சிரையில் செலுத்துவதை வன்மையாகக் கண்டித்தவரும் அவரே. ஆதரவாளரே விடுத்த எச்சரிக்கை என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

'ஆபத்து மிகக் குறைவு' என்பார் காட்டும் சான்று, 1980களின் தொடக்கத்தில் வெளியான ஜெர்மன் கணக்கெடுப்பு. 644 சிகிச்சையாளர்கள், 3,84,775 நோயாளிகள், ஐம்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள். பக்கவிளைவுகள் 40, இறப்பு 4. எண்கள் மலைக்க வைக்கின்றன. ஆனால் இவை வினாத்தாளுக்குச் சிகிச்சையாளர்கள் தாமே எழுதிய விடைகள். குருதிக்கட்டி சில நாள் கழித்தும் தோன்றலாம். அப்போது நோயாளி ஓடுவது வேறொரு மருத்துவமனைக்கு. அந்தத் துயரம் முதல் மருத்துவரின் ஏட்டில் ஏறுவதில்லை.

ஓசோனுக்கு அறியப்பட்ட மருத்துவப் பயன் ஏதுமில்லை, அது நச்சு வாயு என்றே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதி கூறுகிறது. இருந்தும் 2020இல் கொரோனாவுக்கு மருந்தென்று ஓசோன் விற்கப்பட்டது. குருதி உறைவதையே தன் கொடிய இயல்புகளுள் ஒன்றாகக் கொண்ட நோய் அது என்பதை நினைக்க வேண்டும்.

இத்தகைய சிகிச்சைக்குக் கை நீட்டும் முன் நாம் கேட்க வேண்டியவை மூன்று: என் சிரைக்குள் செல்லப்போவது வாயுவா, குருதியா? உறையாமலிருக்க எதைச் சேர்க்கிறீர்கள்? இங்கே மூச்சுத் திணறினால் என்னைக் காக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை தராத இடத்தில் நீட்டிய கையை மடக்கிக்கொள்வதே அறிவுடைமை.