ஓபர்ஹவுசனும் குறும்படமும்

ஓபர்ஹவுசன் என்றதும் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் 1962 பிப்ரவரி 28ஐக் குறிப்பிடுவார்கள். அன்று அங்கே நடந்த குறும்பட விழாவில் 26 பேர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று படிக்கப்பட்டது. பழைய சினிமா செத்துவிட்டது, புதியதை நம்புகிறோம் என்பது அதன் சாரம். 'புதிய ஜெர்மன் சினிமா' அன்று பிறந்தது என்பது வழக்கமான கணக்கு. இந்தக் கணக்கில் குறும்படம் விடுபட்டுப் போகிறது என்பது என் ஆட்சேபணை.

ரூர் பிரதேசத்தில் உள்ள ஓபர்ஹவுசன் அன்று நிலக்கரி, எஃகு நகரமாக இருந்தது. அங்கே முதியோர் கல்வி நிலையத்தை நடத்தி வந்த ஹில்மர் ஹாஃப்மான் 1954இல் விழாவைத் தொடங்கினார். ஆவணப்படம், சலனச் சித்திரம், பரிசோதனைப் படம் எல்லாம் ஒரே திரையில் வந்தன. 1958இல் விழா வரித்துக்கொண்ட வாசகம், அண்டை வீட்டுக்குப் போகும் வழி என்று பொருள்படும். அண்டை வீடு என்பது கம்யூனிஸ்ட் கிழக்கு ஐரோப்பாவையும் சேர்த்துத்தான். கெடுபிடிப் போரின் நடுவே இது சின்னக் காரியமல்ல.

அப்படிப்பட்ட விழாவில் நின்றுகொண்டு அந்த 26 பேரும் கேட்டது முழுநீளக் கதைப்படம் எடுக்கும் உரிமையை. குறும்படம் முழுநீளப் படத்துக்குப் பள்ளிக்கூடம், பரிசோதனைக்களம் என்ற கருத்து அறிக்கையிலேயே இருக்கிறது. சிறுகதை நாவலுக்குக் கைப்பழக்கம் என்று நம்மிடையே சிலர் பேசுவதைப் போன்றதுதான் இது. நாவலே எழுதாத மௌனியை இவர்கள் என்ன செய்வார்கள்?

கையெழுத்திட்டவர்களில் அலெக்ஸாண்டர் க்ளூகே, பீட்டர் ஷாமோனி இருவரும் சேர்ந்து செய்த 'கல்லில் கொடூரம்' அதற்கு முந்தைய வருஷம், 1961இல், இதே விழாவில் காட்டப்பட்டது. பன்னிரண்டு நிமிஷப் படம். நியூரம்பர்க்கில் நாஜிகள் பேரணி நடத்திய மைதானத்தின் படிகள், தூண்கள், வெற்று வாசல்கள். ஒலியில் ஹிட்லரின் குரலும், அவுஷ்விட்ஸ் முகாம் தலைவன் ஹெஸ்ஸின் குறிப்புகளும். பிணமோ முள்வேலியோ காட்டப்படவில்லை. கல்லுக்கும் குரலுக்கும் நடுவே உள்ளதைப் பார்க்கிறவனே இட்டு நிரப்ப வேண்டும். இதை இரண்டு மணி நேரத்துக்கு நீட்டினால் இந்த இறுக்கம் போய்விடும். இது எந்தப் படத்துக்கும் பயிற்சி அல்ல.

அறிக்கை வீண் போகவில்லை. 1965இல் இளம் இயக்குனர்களுக்குக் கடனுதவி தரும் அமைப்பு ஏற்பட்டது. மறு வருஷமே க்ளூகேயின் முதல் முழுநீளப் படம் வெளிவந்தது. ஆனால் 1967 டிசம்பரில் இயற்றப்பட்ட திரைப்பட உதவிச் சட்டம் ஓர் ஒழுக்கப் பிரிவையும் கூடவே கொண்டுவந்தது.

1968 விழாவுக்கு ஹெல்முத் கோஸ்டார்ட் பத்து நிமிஷச் சொச்சத்தில் ஒரு படம் கொண்டுவந்தார். அந்த ஒழுக்கப் பிரிவை அதில் ஓர் ஆண்குறி பேசுகிறது. 'தனிச் சிறப்பு வாய்ந்தது' என்பது படத்தின் பெயர். வரிச்சலுகைக்காக மதிப்பீட்டுக் குழு அன்று படங்களுக்கு வழங்கிவந்த சான்றிதழின் வாசகமும் அதுவே. தேர்வுக்குழு ஏற்றிருந்த படத்தை, வழக்கு வரும் என்று பயந்து விழாக்காரர்கள் விலக்கினார்கள். மேற்கு ஜெர்மன் இயக்குனர்களில் பெரும்பாலோர் தங்கள் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கேலி கொச்சையானதுதான், படம் பெரிய கலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உதவிப் பணத்தை எதிர்பார்த்து நிற்கும் முழுநீளப் படம் இதைச் சொல்லியிருக்க முடியாது. இழக்க அதிகமில்லாத குறும்படம் சொல்லிற்று. 1962ஐ நினைவு வைத்திருப்பவர்கள் 1968ஐயும் சேர்த்தே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.